தூங்குகிறவர் எந்தப் பக்கம்

எம்.சி. ரோட்டில் புடவைக் கடைக்கு மேலே
மூன்றாம் மாடியில் எங்கள் குடியரசுகள்.
நூற்றுப் பன்னிரண்டு நாடுகளுக்கு
ஒரே ஏசி. அதுவும் ஒழுகும்.

தேர்தல் உண்டு, வரி உண்டு,
கட்சி தாவ முப்பது பொற்காசு.
உள்நாட்டுப் போர் மட்டும் எங்கே என்று
ஆட்டக்காரர்கள் ஏழு மாதமாய் நச்சரிக்கிறார்கள்.
"தீபாவளிக்குள்ள வந்துடணும்" என்றார் ரியாசுதீன்,
இன்னொரு பிரியாணிக் கடை திறப்பதைப் போல.

எழுதினேன்.
அதிருப்தி எழுபதைத் தாண்டினால்,
கஜானா மூன்று நாள் காலியாய்க் கிடந்தால்,
ஒரு தளபதிக்கு மட்டும் சம்பளம் போயிருந்தால்
நாடு இரண்டாகும்.
நிலம் பாதி, படை பாதி, பொன் பாதி.
மீதி ஒன்று வந்தால்
அது கிளர்ச்சிக்காரருக்கு.
என் பெருந்தன்மை.

சோதித்துப் பார்ப்பவள் ஜெனிட்டா, காசிமேட்டுக்காரி.
காரப்பொடி மீனின் முள்ளை
டிபன் மூடியில் ஒதுக்கிக்கொண்டே சொன்னாள்:
"இன்னா சார், கேக் வெட்ன மாதிரி கீது.
சண்ட போட்டவங்க இப்டியா பிரிவாங்க?"

அவள் அப்பாவும் சித்தப்பாவும்
ஒரு விசைப்படகுக்கு இரண்டு சொந்தக்காரர்கள்.
பிரிந்த அன்று
இஞ்சின் ஒருவருக்கு, வலை ஒருவருக்கு.
உடல் யாருக்கும் இல்லை.
நான்கு வருடமாய்த் துறைமுக ஓரத்தில்
எண் அழிந்து நிற்கிறது.
"அப்பா டெய்லி இஞ்சின ஸ்டார்ட் பண்ணுவாரு சார்,
வூட்டுக்குள்ளயே.
நல்லாத்தான் ஓடுது."

அன்றிரவு வகுத்தல் குறியை அழித்தேன்.
துறைமுகம் இவர்களுக்கென்றால்
கப்பல்கள் அவர்களுக்கு.
வயல் ஒருபுறம், மதகின் சாவி மறுபுறம்.
நாணய அச்சு இங்கே,
உலோகம் அங்கே.
மற்றவர் இல்லாமல் ஒருவேளைகூடப்
பிழைக்க முடியாதபடி பிரித்த பிறகுதான்
அதற்கு
சொந்தக்காரர் சண்டையின் சாயல் வந்தது.

ஒரு கட்டம் மட்டும் வெறுமையாய் நின்றது.
போர் வெடிக்கும் நொடியில்
ஆட்டத்தில் இல்லாதவர்,
தூங்குகிறவர், டேட்டா தீர்ந்தவர்,
பாரிமுனையில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்,
அவரெல்லாம் எந்தப் பக்கம்?

"வீடு எந்தக் கலரோ அந்தக் கலர்" இது ரியாசுதீன்.
"கடைசியா யாருக்கு ஓட்டுப் போட்டாரோ அவங்க"
நிரல் எழுதும் வெங்கடரமணி.
நான் வண்டியை அணைத்துக்
கொருக்குப்பேட்டை கேட்டில் நின்றேன்.
இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் என் வீடு,
நடுவே போய்க்கொண்டே இருக்கிற டாங்கர்கள்.
நாற்பத்தொன்றில் எண்ணிக்கை தவறியது.
பக்கத்து ஆட்டோவில்
டியூஷன் பை மடியில் நழுவ
ஒரு பையன் வாய் திறந்து தூங்கினான்.
யாரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை.

வரைபடத்தில் சாம்பல் நிறம் சேர்த்தேன்.
தூங்குகிறவர் வீடெல்லாம் சாம்பல்.
சுடக் கூடாது என்று எழுதினேன்.
நுழையக் கூடாது என்று
எழுத மறந்திருக்கிறேன்.

வெளியான இரவே பதினொரு நாடுகள் உடைந்தன.
ரியாசுதீன் பாதுஷா வாங்கிவந்தார்.
விடிகாலை ஒரு புகார்:
"நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து பாக்கறேன்.
என் மாவு மில்லுக்கு
ரெண்டு பேருமே வரி எடுத்திருக்காங்க.
நான் யார்கூடயும் சண்ட போடலயே. இது பிழையா?"

ஜெனிட்டா திரையைத் திருப்பினாள்.
பட்டியலில் இரண்டே வாய்ப்பு:
பிழை.
பிழையல்ல.
கீழே புடவைக் கடை ஷட்டர்
பல்லைக் கடித்துக்கொண்டு ஏறியது.

"மூணாவதா ஒண்ணு சேக்கலாமா சார்?"

சேர்த்துவிட்டேன்.
அதற்கு என்ன பெயர் வைப்பதென்றுதான்
சோற்று நேரம் வரை
தெரியவில்லை.